நின்ற காரணம்

ரேடியேட்டர் கொதித்துவிட்டது.
திம்மராஜ் வண்டியை ஓரங்கட்டினான்,
ஓரமே இல்லாத ரோட்டில்.

அஞ்செட்டியிலிருந்து ஏறி மூன்றாவது கொண்டை ஊசி.
மணி ஒன்பதே முக்கால்.
காலடியில் அரக்கு காயாத பெட்டிகள்,
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் அழுத்திப் போனது
உள்ளே இருட்டில்.
அத்தனை விரலுக்கும் மை வைத்தவள் நான்.
என் கட்டைவிரல், நகக்கண், புடவை முந்தி
எல்லாம் ஒரு மாசத்துக்குப் போகாத ஊதா.

வழியில் எங்கும் நிற்கக் கூடாது.
பயிற்சி வகுப்பில் மூன்று முறை சொன்னார்கள்.
டீக்கு நிற்கக் கூடாது, ஒன்றுக்கு நிற்கக் கூடாது,
சொந்தத் தெருவே குறுக்கே வந்தாலும் கூடாது.
கிருஷ்ணகிரியில் ஏதோ ஓர் அறையில்
எங்கள் வண்டி ஒரு பச்சைப் புள்ளி.
இந்நேரம் அது சிவந்திருக்கும்.

"யாரும் இறங்காதீங்க" என்றார் ஏட்டு சுபான்.
துப்பாக்கியோடு அவர் மட்டும் இறங்கி
காட்டைப் பார்த்து நின்றார்.
காடு அவரைக் கண்டுகொள்ளவில்லை.
யானை என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.
எடுத்தால் வந்துவிடுமாம்.

பூத்தில் மிச்சமான தண்ணீர்க் கேனைச்
சாய்த்துப் பிடித்திருந்த திம்மராஜ்தான் முதலில் பார்த்தான்.
"மேடம், நெருப்பு."

விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில்
தாரை ஒட்டி ஒரு கங்கு.
பிறகு இரண்டு.
பிறகு ஒன்று.
யாரோ பீடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றேன்.
"பீடி கண்ணச் சிமிட்டுமா?" என்றார் ஏட்டு.

விளக்கைத் தணித்ததும்
கங்கைச் சுற்றி மெல்ல ஓர் உடம்பு சேர்ந்தது.
சருகு, மண், மரப்பட்டை, பொட்டுக்கடலைத் தோல், சாம்பல்,
காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி
ஒரு கைப்பிடிக்குக் குவித்து வைத்த மாதிரி.
அலகு என்று சொல்ல ஒன்றுமில்லை.
கழுத்தும் இல்லை.
தாரில் பகல் விட்டுப்போன சூட்டில் வயிற்றை வைத்து
உட்கார்ந்திருந்தது,
கையில் எந்த அடையாள அட்டையும் இல்லாமல்.

"பக்கி" என்றார் ஏட்டு.

எனக்கு வசவாக மட்டுமே தெரிந்த சொல்.
முறுக்குத் தட்டுக்குக் கை நீட்டும்போதெல்லாம்
அம்மா என்னை, நான் என் தங்கையை,
அலையாதே பக்கி, அலையாதே.
முப்பத்தெட்டு வயதில்
அந்தச் சொல்லுக்குள் இருந்தவரைப் பார்க்கிறேன்.

அதன் தொண்டை லேசாக அசைந்தது.
கோலிக்குண்டைச் சிமெண்ட் தரையில் போட்டால்
டக், டக், டக் டக், டடடட
என்று குறுகிக் குறுகி அடங்குமே, அப்படி.
அடங்கியதும் காத்திருந்தது.
மறுபடி ஒரு கோலி.
மறுபடி காத்திருந்தது.

கேன் காலியானது. எஞ்சின் இருமியது.
பக்கி எழுந்தது, சத்தமே இல்லை.
இறக்கைக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைப் பொட்டு
வெளிச்சத்தைக் குறுக்கே வெட்டிப் போயின.

நேற்று மேலே ஏறும்போது
இதே வளைவில், தாரோடு தாராக ஒரு வாழைச்சருகு.
அதிலும் ஒரு வெள்ளைப் பொட்டு.
ஒரு விளிம்பு மட்டும் காற்றுக்கு எழுந்து எழுந்து படுத்தது.
வாழையே இல்லாத காட்டில் வாழைச்சருகு ஏது என்று
நேற்று தோன்றவில்லை.
பட்டியலில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

தேன்கனிக்கோட்டை நெருங்கியதும் டவர் வந்தது,
கூடவே போன்.
"பதினேழு நிமிஷம் வண்டி நின்னிருக்கு. ஏன்?"
"பக்கி சார்."
"யாரைம்மா சொல்றே?"
ஏட்டு போனைப் பிடுங்கி
ரேடியேட்டர் சார், ரேடியேட்டர் என்றார்.
சிரிப்பில் துப்பாக்கி குலுங்கியது.

நின்ற இடம் எழுதினேன். நேரம் எழுதினேன்.
காரணம் என்ற கட்டம்
ஒரு சொல்லுக்குத்தான் காணும்.
அவர் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பொய் இல்லை.

சருகு பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஆனால் நேற்றும் திம்மராஜ்தான் ஓட்டினான்.
கிருஷ்ணகிரி வரை
ரோட்டில் கிடந்த ஒவ்வொரு இலைக்கும்
ஒதுங்கி ஒதுங்கிப் போனான்.
அந்த அறையில் யாராவது விழித்திருந்தால்
பார்த்திருப்பார்கள்,
நேரான சாலையில்
ஒரு புள்ளி கோணலாக வருவதை.